செருப்பை அரையடி பின்னால் வை: முதல்முறை போட்டிக்குப் போகிறவர்களுக்குப் பதற்றம் பற்றி ஒரு வழிகாட்டி

ஓட்டம் தொடங்குவதற்கு முன் பெயர் கூப்பிட்டு வரிசையாக உட்கார வைக்கும் இடத்துக்குப் போனால், நான் பிள்ளைகளின் கால்களைத்தான் பார்ப்பேன். முகத்தில் எல்லாரும் வீரர்கள். கீழே ஒருவனுடைய முழங்கால் தையல் மெசின் மாதிரி அடித்துக்கொண்டிருக்கும். ஒருத்தி சப்பாத்து நாடாவை நாலாவது தரமாக அவிழ்த்துக் கட்டுவாள். இன்னொருவன் "சேர், ஒருக்கா டொய்லட்" என்று எழும்புவான். பத்து நிமிடத்துக்குள் அது அவனுக்கு மூன்றாவது தரம்.

மட்டக்களப்பில் இருபது வருடமாக நீளம் பாய்தலும் கொஞ்சம் கூடைப்பந்தும் பழக்குகிறேன். முதல்முறையாகக் கோட்ட மட்டத்துக்கோ வலய மட்டத்துக்கோ போகிற பிள்ளைக்கும், கழகத்துக்கு முதல் மெட்ச் ஆடப்போகிற இளைஞனுக்கும், அவர்களைக் கூட்டிக்கொண்டு போகும் புது ஆசிரியருக்கும் இதை எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயத்தைப் போக்கும் மருந்து என்னிடம் இல்லை. பயம் வந்து பக்கத்தில் குந்தியிருக்கும்போதே வேலையைச் செய்யப் பழகலாம். அந்தப் பழக்கத்தைப் போட்டியன்று காலையில் தேடினால் கிடைக்காது, அதற்கு முந்திய மாதங்களில்தான் தேடவேண்டும்.

இது எனக்கே பட்டுத் தெரிந்தது. மாகாணப் போட்டியில் நீளம் பாயப் போனேன். பயிற்சியில் ஆறு மீட்டரைத் தாண்டிக்கொண்டிருந்த காலம். எட்டுப் பேருக்கு மேல் இருந்தால் ஆளுக்கு மூன்று பாய்ச்சல், அதில் முதல் எட்டுப் பேருக்கு மட்டும் மேலும் மூன்று. நான் பாய்ந்த மூன்றுக்கும் சிவப்புக் கொடி, அதாவது ஒன்றும் கணக்கில் இல்லை. மூன்றிலும் கால் ஊன்றி எழும்பவேண்டிய பலகையை நாலைந்து அங்குலம் தாண்டி மிதித்திருந்தேன். வீட்டுக்கு வரும் பஸ்ஸில் என் பயிற்றுவிப்பாளர் சொன்னார்: "பயிற்சியில செருப்பு வச்ச இடத்திலேயே இண்டைக்கும் வச்சா எப்பிடி மனே? இண்டைக்கு உண்ட காலுக்குப் பேய் புடிச்சிருந்திச்சு. செருப்ப அரையடி பின்னால வச்சிருக்கணும்." ஓட்டத்தைத் தொடங்கும் இடத்துக்கு அடையாளமாகச் செருப்பை வைப்பது எங்கள் வழக்கம். பதற்றத்தில் காலடி நீளும், வேகம் கூடும், பலகை முன்னாலேயே வந்துவிடும். மனிதர் என்னைப் பயப்படாதே என்று சொல்லவில்லை. பயத்துக்கும் சேர்த்து அளந்து வை என்றார். அந்த ஒரு வார்த்தையை மூன்றாம் பாய்ச்சலுக்கு முன் சொல்லியிருக்கலாம், அது வேறு கதை.

முதல் வேலை: உடம்பில் நடப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

பாம்பைக் கண்ட உடம்பும் போட்டியைக் கண்ட உடம்பும் ஒரே வேலையைத்தான் செய்யும். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் சுரப்பிகள் அட்ரினலினை விடும். நெஞ்சு படபடவென்று அடிக்கும், மூச்சு மேலால் ஓடும், இரத்தம் வயிற்றை விட்டுத் தசைகளுக்குப் போகும். வயிறு கலக்குவதும் வாய் காய்வதும் அதனால்தான். உள்ளங்கை வேர்க்கும், அடிக்கடி சிறுநீர் முட்டும். இவ்வளவும் உங்களை ஓட வைக்கிற ஏற்பாடு. பழுது ஒன்றும் இல்லை.

இன்னொரு பக்கம் மனம் ஓட்டும் படம் இருக்கிறது. 'விழுந்துவிட்டால்? அப்பா லீவு போட்டு வந்திருக்கிறாரே? எல்லாரும் சிரிப்பார்களே?' விளையாட்டு உளவியலில் இந்த இரண்டையும் பிரித்தே பார்க்கிறார்கள். 1990இல் ரெய்னர் மார்ட்டன்ஸ் குழுவினர் வெளியிட்ட 27 வினாக்கள் கொண்ட ஒரு அளவுகோல் உடல் பதற்றம், மனப் பதற்றம், தன்னம்பிக்கை மூன்றையும் தனித்தனியாக அளக்கிறது. உடல் பதற்றம் பெரும்பாலும் போட்டி நெருங்க நெருங்க ஏறி, தொடங்கியவுடன் இறங்கும். மனப் பதற்றம் சில நாட்களுக்கு முன்பே வந்துவிடும், ஆட்டத்தின் நடுவிலும் ஏறி இறங்கும். இதைப் பிரித்தறிவதில் ஒரு பயன் இருக்கிறது. கை உதறுகிறவனுக்கு மூச்சுப் பயிற்சி உதவும். 'சிரிப்பார்களே' என்று யோசிக்கிறவனுக்கு அது பாதிதான் உதவும், அவனுக்கு மனதை வைக்க வேறொரு இடம் வேண்டும்.

எங்கள் ஊரில் கூடைப்பந்து வேரூன்றியதற்கு அமெரிக்க இயேசு சபைத் துறவிகள் பெரிய காரணம். வெபர் மைதானம் அவர்களில் ஒருவரான ஹரோல்ட் வெபர் அடிகளாரின் பெயரில்தான் இருக்கிறது. அதே அமெரிக்காவில் பில் ரஸ்ஸல் என்றொரு ஆட்டக்காரர் இருந்தார். பொஸ்டன் செல்டிக்ஸ் அணிக்காக 13 பருவங்களில் 11 முறை சம்பியன். அவர் முக்கியமான ஆட்டங்களுக்கு முன் வாந்தி எடுப்பார். அந்தச் சத்தம் கேட்டால்தான் சக வீரர்களுக்கு நிம்மதியாம். வயிறு கலக்குது என்று வெட்கப்படும் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லிவிட்டு ஒரு மிடறு தண்ணீர் கொடுப்பேன்.

இரண்டாவது: உங்கள் அளவு எது என்று பாருங்கள்

பதற்றம் கொஞ்சமும் இல்லாதவன் தூங்கி வழிவான். கூடிப்போனவன் கை கால் விறைத்துப் போவான். நடுவில் ஒரு நல்ல இடம் இருக்கிறது என்ற எண்ணம் 1908இல் யேர்க்ஸ், டொட்சன் என்ற இருவர் எலிகளை வைத்துச் செய்த சோதனையிலிருந்து வருகிறது. ஆனால் அந்த நல்ல இடம் எல்லாருக்கும் ஒன்றல்ல. யூரி ஹனின் என்ற விளையாட்டு உளவியலாளர் ஒவ்வொரு வீரருக்கும் தனித்தனி வலயம் உண்டு என்றார். என் அனுபவமும் அதுதான். போட்டியில் இரும்புக் குண்டு போடுகிற ஒருவன் பத்துக்கு எட்டுப் பதற்றத்தில்தான் தூரம் போடுவான். கூடைப்பந்தில் பிரீ த்ரோ (யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று எறிவது) எறியப்போகிறவளுக்கு எட்டு கூடிப்போச்சு, நாலைந்து போதும்.

ஆகவே ஒரு சின்னக் கொப்பி வாங்குங்கள். போட்டிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பத்துக்கு எத்தனை என்று மனதுக்குள் ஒரு எண் சொல்லிக்கொள்ளுங்கள். பின்னேரம் அதையும் உடம்பில் எங்கே தெரிந்தது என்பதையும் எப்படி ஆடினேன் என்பதையும் எழுதிவையுங்கள். நாலைந்து போட்டி போனால் உங்கள் எண் தெரிந்துவிடும். எண் கூடினால் இறக்கவேண்டும், குறைந்தால் ஏற்றவேண்டும். எல்லாரையும் பிடித்து உட்கார வைத்து 'அமைதியாக இரு' என்பது பாதிப் பேருக்குப் பிழையான வைத்தியம்.

மூன்றாவது: அடுக்குப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் வாசிக்க நேரம் இருந்தால் இதை வாசியுங்கள்.

எங்கள் ஊரில் கூத்துப் பழக்கும் அண்ணாவிமாருக்கு இது எப்போதோ தெரியும். சட்டம் (அவரவர் பாத்திரத்துக்கான பாட்டும் வசனமும்) கொடுத்த கையோடு யாரையும் களரியில், அதாவது கூத்து மேடையில், ஏற்றுவதில்லை. முதலில் பாட்டும் ஆட்டமும் பழக்குவார்கள். பிறகு சதங்கை அணிதல். அதற்குப் பிறகு அடுக்குப் பார்த்தல், அதாவது கூத்தை முதலிலிருந்து கடைசிவரை ஒரு தரம் ஆடிப் பார்ப்பது. அரங்கேற்றம் கடைசியில்தான். ஆக, அரங்கேற்றத்தன்று ஊரே கூடினாலும் ஆட்டக்காரனுக்குச் சனம் புதிதில்லை. அவன் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வைக்குப் பழகி வந்தவன்.

நாம் விளையாட்டில் என்ன செய்கிறோம்? மூன்று மாதம் ஆளில்லாத மைதானத்தில் பின்னேரம் நாலு மணிக்குப் பழக்கிவிட்டு, நாலாம் மாதம் ஆயிரம் பேருக்கு முன்னால் மைக் சத்தத்தில் காலை ஒன்பது மணி வெயிலில் கொண்டுபோய் விடுகிறோம். பிள்ளை உதறாமல் என்ன செய்யும்?

அதனால் பயிற்சிக்குள்ளேயே போட்டியைக் கொண்டுவாருங்கள். நான் செய்வது இப்படி. வெள்ளிக்கிழமைப் பயிற்சி முடியும்போது ஒரேயொரு பாய்ச்சல். இரண்டாவது கிடையாது. மற்றவர்கள் ஓடுபாதையின் இரண்டு பக்கமும் நின்று பார்ப்பார்கள், ஒருவன் கொடி பிடிப்பான், இன்னொருவன் பெயரையும் இல்லத்தையும் சத்தமாகக் கூப்பிடுவான். அளந்து எழுதுவோம். சிரிப்பாகத்தான் தொடங்கும். ஆனால் ஓடும் பிள்ளைக்கு உள்ளங்கை உண்மையாகவே வேர்க்கும். அதுதான் வேண்டும். அந்த வேர்வையோடு செருப்பை எங்கே வைத்தால் பலகை சரியாக வருகிறது என்று அன்றே அளந்து பார்த்துவிடுவோம்.

கூடைப்பந்தில் என்னிடம் ஒரு மாணவி இருந்தாள். பயிற்சியில் பத்துக்கு ஏழு பிரீ த்ரோ போடுவாள், மெட்சில் ஆறுக்கு ஒன்று. பக்கத்தில் நின்று கவனித்தேன். பயிற்சியில் ஒன்றின் பின் ஒன்றாகப் பத்தும் எறிகிறாள், கைக்குச் சூடு ஏறிவிடுகிறது. மெட்சில் ஓடி மூச்சிரைத்து வந்து, இரண்டே எறி, அதுவும் எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்கையில். கோட்டில் நின்று தன் மணிக்கட்டையே பார்த்தாள். தானாக ஓடிக்கொண்டிருந்த வேலையை மூளை பிடித்து 'நான் ஓட்டுகிறேன்' என்றால் இப்படித்தான் குழம்பும். படியில் இறங்கும்போது எந்தக் காலை எப்போது வைக்கிறேன் என்று யோசித்துப் பாருங்கள், தடுக்கும். அவளுக்கு மாற்றியது இரண்டே விசயம். மைதானத்தை இரண்டு சுற்று ஓடிவந்து இரண்டு எறி, திரும்ப ஓட்டம். அப்புறம் ஒரு ஒழுங்கு: மூன்று தட்டு, ஒரு நீள மூச்சு வெளியே, வளையத்தின் பின் விளிம்பைப் பார், எறி. பந்து கைக்கு வந்ததிலிருந்து ஐந்து விநாடிதான் விதி, அதற்குள் இது அடங்கும். பத்துக்கு ஏழு மெட்சில் வரவில்லை, ஐந்து வந்தது. எங்களுக்கு அது போதும்.

சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழா, கழகங்களின் சிநேகபூர்வ ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் பிள்ளைகளை அனுப்புங்கள். ஊர்ச் சனம் பார்க்க விளையாடிய அனுபவம் வலய மட்டத்தில் கைகொடுக்கும்.

போட்டியன்று போடும் உடுப்பையும் அடுக்குப் பாருங்கள். காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கப் பிள்ளைகள் சிலர் ஓட்டத்தை விடத் தலைத்துணி கழன்றுவிடுமோ என்றுதான் பயப்படுகிறார்கள். பின் குத்தாமல் தலையோடு இறுகி நிற்கிற விளையாட்டுத் துணியைப் பயிற்சியிலேயே போட்டு ஓடிப்பார்த்தால் அந்தப் பயம் போகும். சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனமே 2017 ஒக்டோபர் முதல் தலைத்துணியை அனுமதித்திருக்கிறது. விதி தெரியாத யாராவது கேட்டால் சொல்ல உதவும்.

நாலாவது: போட்டிக்கு முந்திய இரவும் அன்றைய காலையும்

இரவு தூக்கம் வராது. வராவிட்டால் பரவாயில்லை. ஒரு இரவுத் தூக்கம் குறைந்ததால் மட்டும் யாரும் தோற்பதில்லை, அந்தக் கிழமை முழுக்க நன்றாகத் தூங்கியிருந்தால் சரி. 'தூங்கியே ஆகவேண்டும்' என்று மல்லுக்கட்டுவதுதான் கெடுக்கும். பையை இரவே அடுக்குங்கள். போனை வேறு அறையில் வையுங்கள், எதிராளியின் நேரம் எத்தனை, தூரம் எத்தனை என்று வட்சப்பில் துருவுகிற வேலை வேண்டாம்.

காலையில் பழகின சாப்பாடு, இரண்டு மூன்று மணித்தியாலம் முன்னால், அளவாக. "வெறும் வயிற்றில போகாத மகன், இன்னும் ரெண்டு பிட்டு" என்று அம்மா தள்ளுவார். பதறும் வயிற்றுக்குச் செரிமானம் மந்தம். கொஞ்சம் சாப்பிட்டு, இரண்டு வாழைப்பழத்தைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். புதிதாக எனர்ஜி ட்ரிங்க் குடித்துப் பார்க்கிற நாள் இதுவல்ல. கஃபீன் படபடப்பைக் கூட்டும், உங்கள் எண் ஏற்கெனவே எட்டு.

மைதானத்துக்குப் போனவுடன் டொய்லட் எங்கே, நிழல் எங்கே, பெயர் கூப்பிடும் இடம் எங்கே என்று நடந்து பாருங்கள். கச்சான் என்கிற வறண்ட காற்று வீசும் மாதங்களில் பதினொரு மணிக்கே வாய் காய்ந்துவிடும். அது வெயிலா பயமா என்று தெரியாமல் தடுமாறாமல் தண்ணீரைச் சிறிது சிறிதாகக் குடித்துக்கொண்டிருங்கள். நேரசூசி பிந்தும், எப்போதும் பிந்தும். சூடேற்றலை ஒரேயடியாக முடித்துவிட்டு ஒன்றரை மணித்தியாலம் குந்தியிருந்தால் உடம்பு ஆறும், மனம் கொதிக்கும். பாதியை வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது: கடைசிப் பத்து நிமிடம்

மூச்சிலிருந்து தொடங்குங்கள். மூக்கால் நாலு எண்ணும்வரை உள்ளே, வாயால் ஆறு எண்ணும்வரை வெளியே, ஏழெட்டுத் தரம். வெளியே விடும் மூச்சு நீளும்போது இதயத் துடிப்பு சற்று இறங்கும். இதையும் வீட்டில் பழகியிருக்க வேண்டும்.

'நான் பயப்படவில்லை, அமைதியாக இருக்கிறேன்' என்று உங்களுக்கு நீங்களே சொல்லாதீர்கள். அது பொய் என்று நெஞ்சு அடித்தே சொல்லும். அலிசன் வூட் புரூக்ஸ் என்ற ஆய்வாளர் 2014இல் பாடுவது, மேடையில் பேசுவது, கணக்குச் செய்வது ஆகியவற்றை வைத்துச் சோதித்தார். அமைதியாக இருக்கப் பார்த்தவர்களை விட 'எனக்கு உற்சாகமாக இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். இரண்டுக்கும் உடம்பு ஒரே மாதிரித்தான் அடிக்கிறது, பெயரைத்தான் மாற்றுகிறோம். எங்கள் பிள்ளைகள் 'உற்சாகம்' என்று சொல்லமாட்டார்கள். "சேர், உடம்பு துடிக்குது" என்பார்கள். அது போதும்.

மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்பார்கள். நினைக்காதே என்றால் குரங்குதான் வரும். டேனியல் வெக்னர் 1987இல் வெள்ளைக் கரடியை வைத்து இதையே சோதித்துக் காட்டினார். ஆகவே 'பலகையை மிதிக்காதே', 'துவக்குச் சத்தத்துக்கு முன்னால் ஓடாதே' என்று காதில் போடாதீர்கள். செய்ய வேண்டியதை ஒரு சொல்லில் வைத்துக்கொள்ளுங்கள்: 'தள்ளு', 'உயரே', 'முழங்கால்'. குறுந்தூர ஓட்டக்காரருக்கு இது மிக முக்கியம். 2010 முதல் சர்வதேச விதிப்படி ஒரு முறை முந்தினாலே வெளியேற்றம். 2011இல் தேகு உலகச் சம்பியன்ஷிப்பின் 100 மீட்டர் இறுதியில் உசைன் போல்ட்டே முந்தி வெளியேறினார். 'செட்' சொன்ன பிறகு சத்தம் எப்போது வரும் என்று யோசித்துக்கொண்டிருக்காமல், சத்தம் வந்ததும் செய்யவேண்டிய முதல் தள்ளலை மட்டும் மனதில் வைத்திருக்கச் சொல்வேன்.

திருநூறு பூசுவது, துஆ ஓதுவது, சிலுவை போடுவது எல்லாம் நல்லது. மனதை ஒரு இடத்தில் நிறுத்தும். ஆனால் 'சிவப்புச் சொக்ஸ் போடாவிட்டால் தோற்பேன்' என்ற இடத்துக்குப் போய்விட்டால், சொக்ஸ் தொலைந்த அன்று ஆட்டமும் தொலையும். எங்கேயும் கொண்டுபோகக்கூடிய பழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். மூச்சை யாரும் வீட்டில் மறந்து வைப்பதில்லை.

நடுவில் பிழைத்துவிட்டால்? மூன்று பாய்ச்சலில் ஒன்று போனால் மண்ணைத் தட்டிவிட்டு, செருப்பைத் தள்ளவேண்டுமா என்று மட்டும் பாருங்கள். மிச்சத்தைப் பஸ்ஸில் யோசிக்கலாம்.

பெற்றோருக்கும் ஆசிரியருக்கும்

அஞ்சல் ஓட்டத்தில் கோலைத் தவறவிட்ட ஒரு பிள்ளையை அத்தனை பேருக்கும் முன்னால் 'பள்ளிக்கூடத்திண்ட மானத்தை வாங்கிட்டாய்' என்று ஓர் ஆசிரியர் ஏசியதைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு அவன் ஓடவே இல்லை. அடுத்த வருடம் பந்தலில் தண்ணீர் கொடுத்துக்கொண்டு நின்றான். தோற்றபின் கேட்க வேண்டிய முதல் கேள்வி "சாப்பிட்டியா?" மறுகா எல்லாம் நாளைக்குப் பேசலாம். வெல்லாவிட்டால் வீட்டுக்கு வராதே என்று பகிடிக்குக்கூடச் சொல்லவேண்டாம், பிள்ளைக்கு அது பகிடியாகக் கேட்காது. நாவூறு கழிப்பதாக இருந்தால் கழியுங்கள், தடுக்கவில்லை.

எப்போது வைத்தியரிடம் போவது

ஓடும்போது மயங்கி விழுந்தாலோ நெஞ்சு வலித்தாலோ 'பயம்தான்' என்று சொல்லிச் சமாளிக்காதீர்கள். இதயத்தைக் காட்டவேண்டும். இழுப்பும் அப்படித்தான், பதற்றம் என்று நினைத்தது ஆஸ்துமாவாக இருக்கலாம். கிழமைக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, போட்டி இல்லாத நாளிலும் படபடப்பு, பள்ளிக்கே போக மாட்டேன் என்கிறது என்றால் இந்த வழிகாட்டி போதாது. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கம் 1926. 'விசர்' என்று ஊர் சொல்லுமே என்று தயங்குகிறவர்களுக்கு: 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் மனம் ஒத்துழைக்கவில்லை என்று அணி இறுதிப் போட்டியின் நடுவில் விலகினார். 2024 பரிஸில் மூன்று தங்கம் வென்றார்.

யாராவது நடுக்கத்துக்கு என்று நீட்டும் மாத்திரையை வாங்காதீர்கள். நடுக்கத்தைக் குறைக்கும் புரோப்ரனலோல் துப்பாக்கி சுடுதலில் தடைசெய்யப்பட்டது. 2008 பீஜிங்கில் வடகொரிய வீரர் கிம் ஜொங் சு அதனால் இரண்டு பதக்கங்களை இழந்தார். இதயத்தையும் மூச்சையும் பாதிக்கக்கூடிய மருந்தை வைத்தியர் சொல்லாமல் தொடக்கூடாது.

கடைசி வேலை: அன்று பின்னேரம் கொப்பி

வென்றாலும் தோற்றாலும் குளித்துச் சாப்பிட்டபின் மூன்று வரி. என்னிடம் பழகும் ஒரு பெடியன் போன வலயப் போட்டியன்று எழுதியதை அவனிடம் கேட்டே இங்கே தருகிறேன்:

"எண் 8. வயிறு கலக்கினது, முழங்கால் நடுங்கினது. செருப்பு அரையடி பின்னால. முதல் பாய்ச்சல் வெள்ளைக் கொடி. ரெண்டாவது சிவப்பு, கச்சான் முதுகில தள்ளினது, இன்னும் ரெண்டு அங்குலம் பின்னால வச்சிருக்கணும். ஆறாவது இடம். பிளேன்டீ குடிச்சன்."